படத்தில் இல்லாத நாலு வருஷம்: ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ பற்றிச் சில குறிப்புகள்

போன பொங்கல் லீவுக்குத் திருப்புட்குழி போயிருந்தப்ப, அக்கா பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்தான். “மாமா, இந்தப் படத்தை நீங்க பாக்கணும். அம்மாவும் கூட உக்காரணும்.” பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். பாலுச்செட்டி சத்திரம் சுத்துவட்டாரத்துல டென்னிஸ் பால் மேட்ச்னா வேகப்பந்துக்கு இவனைத்தான் கூப்பிடுவாங்க. பரீட்சை முடிஞ்சதும் காலேஜ் வேண்டாம், சென்னையில ஒரு அகாடமியில சேரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அக்காவுக்கு அவன் இன்ஜினியரிங் சேரணும். அவன் வாதாடிப் பார்த்து அலுத்துப்போய், வக்கீலா இந்தப் படத்தைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தான்.

படம் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’. 2014-ல வந்த டிஸ்னி படம், இயக்கம் கிரெய்க் கில்லெஸ்பி, இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். கடைசிக் காட்சியில அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. பையன் என்னைப் பார்த்தான். “யோசிச்சுச் சொல்றேன்டா”ன்னு தப்பிச்சு வந்துட்டேன். யோசிக்கப் போய், ரெண்டு வாரம் தேடிப் படிக்கும்படி ஆயிடுச்சு. இந்தப் பதிவு அதுதான்.

கதைச் சுருக்கம்

ஜே.பி. பெர்ன்ஸ்டீன் அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட். தொழில் படுத்துவிட்ட நேரத்தில், கிரிக்கெட் ஆடும் இந்தியாவில் பேஸ்பால் எறியத் தெரிந்த கை ஒன்றாவது இருக்காதா என்று நினைத்து ஒரு போட்டி நடத்துகிறார். 37,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள் என்று சொல்லப்பட்ட அந்தப் போட்டியில் தேறியவர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல். (இப்போது ஐபிஎல்லில் ஆடும் ரிங்கு சிங் வேறு, இவர் வேறு.) ரெண்டு பேரும் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர்கள். ரிங்கு கம்பளம் நெய்யும் பதோஹி பக்கம், தினேஷ் பட்டு நெய்யும் வாரணாசி. காஞ்சிபுரத்துப் பக்கம் பிறந்த எனக்கு இதைப் படித்ததும் ஒரு ஒட்டுதல் வந்தது. படத்தில் தறிச் சத்தமே கிடையாது என்பது வேறு விஷயம்.

2008 மே மாதம் இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் போனார்கள். டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் கற்றார்கள். அதே நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ரெண்டு பேரையும் ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தத்தோடு படம் முடிகிறது. கைதட்டல், நிஜமான ரிங்கு, தினேஷின் படங்கள், ரஹ்மான் இசை.

ஒரு தேதிக் கணக்கு

படத்தில் ஜே.பி.க்கு யோசனை உதிக்கும் காட்சி ஞாபகம் இருக்கலாம். டிவியில் ஒரு சேனலில் கிரிக்கெட், இன்னொரு சேனலில் ‘பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்’ மேடையில் சூசன் பாயில் பாடுகிறார். ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்க்கும்போது பொறி தட்டுகிறது. சூசன் பாயில் பாடி ஒளிபரப்பானது 2009 ஏப்ரல். அதற்கு ஐந்து மாதம் முன்னாடியே ரிங்குவும் தினேஷும் பைரேட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

இதைப் பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை. சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான பாடகர்களை விட்டு ஏன் சூசன் பாயில்? யாருக்கும் தெரியாத ஒருத்தர், ஒரே ராத்திரி, ஒரே பாட்டு, உலகமே எழுந்து நின்று கைதட்டுகிறது. படம் விற்க நினைப்பது அந்த ஒரே ராத்திரியைத்தான். அதற்காகக் காலண்டரையே திருப்பி வைத்திருக்கிறார்கள்.

எங்க ஊர் விஜயராகவப் பெருமாள் கோயிலில் மரகதவல்லித் தாயார் சந்நிதிக்கு ஒரு ஐதீகம் உண்டு. குழந்தை வேண்டி வருகிற பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி படுப்பார்கள். விடியும்போது அது முளைத்திருந்தால் குழந்தை பிறக்கும். வறுத்த பயறு முளைப்பது தாயார் அருள். அதை நம்பி யாரும் நாலு ஏக்கருக்கு நாற்று விடுவதில்லை. விவசாயம் வேறு.

விவசாயம்

பேஸ்பாலில் அந்த விவசாயத்துக்குப் பெயரே ‘ஃபார்ம் சிஸ்டம்’. நாம் நாற்றங்கால் என்று சொல்லலாம். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி கட்டி எழுப்பிய முறை. பணக்கார அணிகளோடு ஏலத்தில் மோத முடியாது. எனவே சின்னச் சின்ன ஊர்களில் கீழ்நிலை அணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பையன்களைக் குறைந்த விலைக்கு மொத்தமாக எடுத்து வளர்ப்பது. தேறுகிறவன் மேலே, மற்றவன் வீட்டுக்கு. இதே ரிக்கி 1950-களில் பிட்ஸ்பர்க்கிலும் பொது மேலாளராக இருந்தார்.

ரிங்குவின் காலத்தில் அந்த ஏணி இப்படி: அடியில் ரூக்கி லீக். அதற்கு மேல் குறுகிய சீசன் ஏ, பிறகு ஏ, ஹை-ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. அதற்கும் மேலேதான் டிவியில் வரும் மேஜர் லீக்.

இன்ஜினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2014-ல் மேஜர் லீக்கில் 30 அணி, அணிக்கு 25 பேர். ஆக 750 நாற்காலி. அந்த வருஷ டிராஃப்டில் 40 சுற்று. அதாவது வருஷத்துக்குச் சுமார் 1,200 பையன்கள் புதிதாகத் தேர்வாகிறார்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்றாலும், டொமினிகன் ரிபப்ளிக், வெனிசுவேலா பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதில் சேர்த்தியே இல்லை. நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் சுலபத்தில் எழுந்திருக்க மாட்டார். வாசலில் எவ்வளவு பெரிய வரிசை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிசையில் ரிங்கு என்ன செய்தார்? 2009 ஜூலையில் ரூக்கி லீக்கில் ஒரு ஆட்டத்தை வென்றார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் வெற்றி பெற்ற முதல் இந்தியர். 2010-ல் ஸ்டேட் காலேஜ் அணி. 2011-ல் வெஸ்ட் வர்ஜீனியா பவர், அது ஏ நிலை. 2012 சீசன் முழுக்க அங்கேதான்: 39 ஆட்டம், 72 இன்னிங்ஸ், இஆர்ஏ 3.00. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விட்ட ரன் மூன்று. நாலு சீசனையும் சேர்த்தால் 84 ஆட்டம், 10 வெற்றி, 6 தோல்வி, இஆர்ஏ 2.99. பத்தொன்பது இருபது வயதில் முதல்முதலாக பேஸ்பாலைத் தொட்டவருக்கு இது அசாத்தியமான எண். சின்ன வயசிலிருந்து ஆடுகிற அமெரிக்கப் பையன்களுக்கு எதிரே போட்ட பந்துகள் இவை.

பிறகு முழங்கை போனது. அறுவை சிகிச்சை, ஓய்வு, மறுபடி காயம். 2012-க்கு அப்புறம் அமெரிக்க லீக் ஆட்டம் எதிலும் அவர் எறியவில்லை. 2014 மே மாதம் படம் தியேட்டருக்கு வந்தப்ப, படத்தின் நாயகன் காயத்தோடு காத்துக்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்க்குக்கும் அவருக்கும் நடுவே இன்னும் மூன்று படிகள் பாக்கி: பிராடென்டன், அல்டூனா, இண்டியானபொலிஸ். 2018-ல் மல்யுத்தப் பொழுதுபோக்கான டபிள்யூடபிள்யூஈ-க்குப் போனார். வீர் மஹான் என்ற பெயரில் வந்து நின்றவர் இவர்தான்.

படத்தில் இல்லாத அந்த நாலு வருஷம்தான் என்னைப் பொறுத்தவரை கதை.

யாருடைய கதை?

ஏன் விட்டார்கள்? இரண்டாவது முறை பார்க்கும்போது புரிந்தது. இது ரிங்கு, தினேஷ் கதையே இல்லை. ஜே.பி. கதை. அவர் கார், அவர் வீடு, அவர் காதல், பணமே குறியாக இருந்தவர் பாசம் கற்றுக்கொள்வது. ஏஜென்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானால் வேலை முடிந்தது. சரக்கு டெலிவரி ஆகிவிட்டது. அவர் கண்ணால் பார்த்தால் அதுதான் சரியான முடிவு. ஆகவே படம் பொய் சொல்லவில்லை. யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை மட்டும் நமக்குச் சொல்லாமல் விடுகிறது.

எங்க அப்பா குழித்தறியில் உட்கார்ந்தவர். அவர் கண்ணால் பார்த்தால் இந்த ஒப்பந்தம் எப்படித் தெரியும்? காஞ்சிபுரத்தில் ‘முன்பணம்’ என்று ஒன்று உண்டு. முதலாளி கொடுப்பார். வாங்குகிற அன்றைக்கு வீட்டில் பாயசம். அதன்பின் கடன் அடையும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. பேஸ்பாலிலும் கையெழுத்துப் போடும்போது போனஸ் உண்டு. ரிங்குவின் காலத்தில், அதன்பின் மைனர் லீக் ஆட்டக்காரர் ஏறக்குறைய ஏழு சீசன் அந்த அணிக்கே சொந்தமாக இருந்தார். ரெண்டும் அப்படியே ஒன்று என்று சொல்ல மாட்டேன். பேஸ்பாலில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் இல்லை. ஆனால் பாயசத்தோடு படத்தை முடித்தால் நெசவாளி சிரிப்பான்.

இது என் கற்பனை இல்லை. படம் வெளியான அதே 2014-ல், பிப்ரவரி மாதம், முன்னாள் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் கூலி கேட்டு வழக்குப் போட்டார்கள். சென் வழக்கு என்று பெயர். பெரும்பாலானோர் ஒரு சீசனுக்கு வாங்கியது 3,000 முதல் 7,500 டாலர். சீசனுக்கு முந்தைய பயிற்சி நாட்களுக்குச் சம்பளமே கிடையாது என்பது அவர்கள் குறை. 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து பெருமளவு விலக்கியே வைத்தது. வழக்கு 2022-ல் 185 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. அதே வருஷம் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-ல் முதல் கூட்டு ஒப்பந்தம்: லோ-ஏ நிலையில் வருஷத்துக்கு 11,000 டாலராக இருந்தது 26,200 ஆனது. ஏணியை மாற்றியது திறமை வேட்டை இல்லை, சங்கம்.

இன்னொரு படம்

“தோத்தவன் கதையை யார் சார் பாப்பாங்க?” என்று கேட்பீர்கள். பார்க்கிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். ஆனா போடன், ரயான் ஃபிளெக் இருவரும் 2008-ல் எடுத்த ‘சுகர்’. டொமினிகன் பையன் மிகேல் சான்டோஸ், அயோவாவில் ஒரு சின்ன ஊர் அணிக்கு எறிய வருகிறான். ஆங்கிலம் தெரியாது. ஹோட்டலில் தெரிந்த ஒரே அயிட்டம் ‘ஃபிரெஞ்ச் டோஸ்ட்’, தினமும் அதையே சாப்பிடுகிறான். வேலைக்கு வந்த புதிதில் பெங்களூரில் மெனு கார்டைப் பார்த்து மூணு மாசம் வெஜ் ஃபிரைடு ரைஸே சாப்பிட்டவன் நான். அந்தக் காட்சியில் சிரிக்க முடியவில்லை.

மிகேலுக்குக் காயம் படுகிறது, ஃபார்ம் போகிறது, நண்பனை அணி விடுவிக்கிறது. ஒருநாள் அவனே பஸ் ஏறி நியூயார்க் போய்விடுகிறான். தச்சு வேலை செய்து ஒரு மேஜை செய்கிறான். கடைசியில் பூங்காவில், அவனைப் போலவே நாற்றங்காலிலிருந்து உதிர்ந்தவர்கள் சேர்ந்து பேஸ்பால் ஆடுகிறார்கள். ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்துப் பெயர், ஊர், இருந்த அணி சொல்கிறார்கள். அவ்வளவுதான். யாரும் அழுவதில்லை. 37,000 பேரைக் கூட்டமாகக் காட்டி நகர்ந்த படத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அங்கே தெரிகிறது.

டிஸ்னி படத்தில் நல்லதே இல்லையா? இருக்கிறது. சூரஜ் சர்மா, மதுர் மித்தல் இருவர் முகத்திலும் ஊர் ஏக்கம் நிஜமாக இருக்கிறது. பிதோபாஷ் வரும் இடமெல்லாம் கலகலப்பு. அந்த முகங்களை இன்னும் அரைமணி நேரம் பின்தொடர்ந்திருந்தால் போதும், வெஸ்ட் வர்ஜீனியா தானாக வந்திருக்கும்.

அக்காவுக்கும் பையனுக்கும்

நம்ம ஊரிலும் ஏணி இருக்கிறது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை எல்லாருக்கும் தெரியும். அப்பா தறிக்கூலி. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு ஆடினார், அடுத்த மாதமே பிரிஸ்பேனில் டெஸ்ட். ஆனால் அவர் சென்னை லீக்கில் நான்காவது டிவிஷனில் தொடங்கியவர். நடுவில் பந்து வீசும் முறையில் சந்தேகம் எழுந்து, ஆக்‌ஷனையே திருத்தி மறுபடி வந்தார். பத்து வருஷம். டிவியில் நாம் பார்த்தது கடைசி ரெண்டு மாசம்.

ஃபோனில் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை. கோர்வைப் புடவைக்குக் கரை நாடா போட உட்காருகிற பையன் அன்றைக்கே தறியில் ஏறுவதில்லை. ஆனால் நாடா போடாமல் யாரும் தறியில் ஏறியதும் இல்லை. சென்னையில் காலேஜில் சேர். ஏதாவது கீழ் டிவிஷன் கிளப்பில் பந்து போடு. அகாடமிக்குக் கட்டச் சொல்லும் மொத்தப் பணத்தை அம்மா நகையை வைத்துக் கட்டாதே. முழங்கை போனாலும் உட்கார ஒரு தறி இருக்கணும். அவ்வளவுதான் என் தீர்ப்பு. அக்காவுக்குப் பாதி திருப்தி, அவனுக்குப் பாதி.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், “மாமா, அந்த இன்னொருத்தர்? தினேஷ் என்ன ஆனார்?” என்று கேட்டான்.

2009-ல் நன்றாக எறிந்தார். 2010-ல் ஏழு ஆட்டம், சரியாக வரவில்லை. அந்த டிசம்பரில் அணி விடுவித்தது, ஊர் திரும்பினார். என் குறிப்பில் அவருக்கு மூணு வரிதான் இருந்தது. படத்தைக் குறை சொல்லி இவ்வளவு எழுதின நானும் அவரைத் தேடவில்லை. பையனுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது.