சிறப்புத் திரையிடல்: யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும்

வணிகக் காட்சிக்கு வராத படத்தையோ, வந்த வேகத்தில் எடுக்கப்பட்டுவிட்ட படத்தையோ ஓர் அமைப்பு முன்கூட்டியே அறிவித்து, குறித்த நாளில் காட்டி, முடிந்ததும் அதைப் பற்றிப் பேச வைப்பது சிறப்புத் திரையிடல் எனப்படும். பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இந்த வழக்கம் உண்டு. ஈழத் தமிழரிடம் தமிழகப் படங்களுக்கான சந்தை மட்டுமே இருக்கிறது, மாற்றுச் சினிமாவுக்கான பார்வையாளர் இல்லை என்று தமிழகத்திலிருந்து வருவோர் சிலர் சொல்லிச் செல்வதுண்டு. இரு இடத்து வழக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கூற்று நிற்காது.

இந்தியாவில் இதன் வரலாறு நீண்டது. சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947 இல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். 1952 இல் நடந்த முதலாவது இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி மற்ற நகரங்களுக்கும் சென்றது. அவற்றுள் சென்னையும் ஒன்று. 1959 இல் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. ராய் அதன் தலைவரானார். கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965 இல் சித்ரலேகா சங்கத்தை அமைத்தனர். எண்பதுகளில் ஜான் ஆபிரகாமின் ஒடெஸா குழு மக்களிடம் பணம் திரட்டி 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்து ஊர் ஊராகக் காட்டியது. தமிழ்நாட்டில் 1977 இல் தொடங்கிய இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் 2003 முதல் சென்னைச் சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்துகிறது. மதுரையில் 'மறுபக்கம்' 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறது. கோவையில் 'கோணங்கள்', சென்னையில் 'தமிழ் ஸ்டுடியோ', தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) உலகத் திரைப்பட விழாக்கள், 'நிழல்' இதழின் குறும்படப் பயிற்சிப் பட்டறைகள் எனப் பட்டியல் நீளும். விழா ஏடுகளிலும் இதழ்களிலும் தெரியும் தமிழகம் இப்படிச் செழிப்பானது.

இலங்கைத் தமிழரின் வரலாறு இவ்வளவு தொடர்ச்சியானது அல்ல. அதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. யாழ்ப்பாண நகரில் வின்சர், ராஜா, மனோகரா, வெலிங்டன், லிடோ போன்ற படமாளிகைகள் தமிழ்ப் படங்களால் நிறைந்திருந்த காலத்திலேயே, கோட்டையை அண்டியிருந்த றீகலில் ஆங்கிலப் படங்கள் ஓடின. ஒரு தலைமுறையின் இரசனையை அந்த அரங்கு வளர்த்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத் திரைப்பட வட்டம் தோன்றியது. 'அலை' இதழை நடத்திய அ. யேசுராசா போன்றோர் அதில் இணைந்து உழைத்தனர். சிங்களத் திரைப்பட நெறியாளர் தர்மசேன பத்திராஜ அந்தக் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பேசும் 'பொன்மணி'யை (1977) எடுத்தவர் அவரே. படமாளிகைகளில் அந்தப் படம் நிலைக்கவில்லை. பின்வந்த தலைமுறை அதைத் தேடிப் பார்த்ததும் மதித்ததும் சிறப்புத் திரையிடல்களின் வழியாகவே.

அதன்பின் வந்தது போர். 1983 ஜூலை வன்செயலில் ஹேந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலச்சுருள்கள் அழிந்தன. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் நின்றது. அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் கொண்ட 'மினி சினிமா' கொட்டகைகளிலும், மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு நடுவே வீட்டு முற்றங்களிலும் மக்கள் கூடிப் படம் பார்த்தனர். பார்த்தவற்றில் பெரும்பாலானவை தமிழக வணிகப் படங்களே. ஆனாலும் ஒரு படத்துக்காக ஊரே எரிபொருள் சேர்த்துக் காத்திருந்த அந்தப் பழக்கத்தை வெறும் சந்தை என்று ஒதுக்கிவிட முடியாது. மின்சாரம் தடைப்படாத நகரங்களில் வளர்ந்த இயக்கங்களோடு இதை ஆண்டுக் கணக்கை வைத்து ஒப்பிடுவது நியாயமான அளவுகோல் அல்ல.

போருக்குப் பின் மீண்டும் கூடிய முயற்சிகளில் முதன்மையானது 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா. நெறியாளர் அனோமா ராஜகருணாவின் முன்னெடுப்பில் வளர்ந்த இந்த விழாவில் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கமும் நகரின் வணிகத் திரையரங்கமும் களங்களாயின. தமிழ், சிங்களப் படைப்பாளிகள் ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்துத் தங்கள் படங்களைக் காட்டி, ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் வாய்ப்பு இலங்கையில் வேறிடங்களில் அரிது.

அறிவித்தல்களில் வழங்கும் சொற்களும் இரு வேறு நிலங்களைக் காட்டுகின்றன. தமிழகத்தில் இயக்குநர் என்பவர் இலங்கையில் பெரும்பாலும் நெறியாளர். நாடக அரங்கிலிருந்து வந்த சொல் அது. அங்கே ஆவணப்படம் எனப்படுவது இங்கே விவரணப்படம் என்றும் வழங்கும். குறும்படம் இங்கே குறுந்திரைப்படமும் ஆகும். சப்டைட்டில் என்று அங்கே பேச்சில் சொல்வதை இங்கே அச்சில் உபதலைப்பு என்பார்கள். தமிழகத்து அறிவித்தலின் கடைசி வரியில் 'இயக்குநருடன் உரையாடல்' இருக்கும். யாழ்ப்பாணத்து அறிவித்தலில் 'கலந்துரையாடல்' இருக்கும்.

நுழைவு முறையும் வேறு. சென்னை விழாவில் பார்வையாளர் பணம் கட்டித் தம்மைப் பதிவுசெய்து டெலிகேட் அட்டை பெறுகிறார். அது ஒரு வாரத்துக்கு நகரின் பல திரைகளைத் திறந்துவிடும். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதே அவருடைய சிக்கல். ஒரே நேரத்தில் நான்கு படங்கள் ஓடும்போது, ஒரு படத்தைப் பார்த்தவர் அடுத்த திரையைப் பிடிக்க விரைகிறார். யாழ்ப்பாணத்துத் திரையிடல் பெரும்பாலும் ஒரு மண்டபமும் ஒரு திரையும் கொண்டது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள், சேர்ந்தே வெளியே வருகிறார்கள். மாணவர், ஆசிரியர், அரங்கக் கலைஞர், செயற்பாட்டாளர் எனப் பல தரப்பினரும் அந்த மண்டபத்தில் கலந்திருப்பர். தெரிவு குறைவு என்பது உண்மை. ஒரு படத்தின் மீது முழுக் கவனமும் குவிவது அதனால் வரும் பலன்.

சட்டத்தைப் பார்த்தால் இரு நாடுகளிலும் கெடுபிடி உண்டு. இந்தியாவில் 1952 ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி பொதுக் காட்சிக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு அளிக்கிறது. இலங்கையில் மேடை நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் பொதுவாக 1912 இல் குடியேற்ற ஆட்சி இயற்றிய கட்டளைச் சட்டத்திலிருந்தே தணிக்கை முறை வளர்ந்தது. சிங்கள நெறியாளர் பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படம் திரைக்கு வருவதற்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது. மறுகரையில், முள்ளிவாய்க்காலில் முடிந்த போரின் இறுதி மாதங்களைப் பேசும் 'நோ ஃபயர் ஸோன்' விவரணப்படத்துக்கு 2014 இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. ஈழத்தவரின் துயரம் ஈழத்துக்கு வெளியிலும் தடைபட்டது.

எதிர்ப்புகளாலும் திரையிடல்கள் நின்றிருக்கின்றன. 2014 இல் விதானகேயின் 'ஒப நதுவ ஒப எக்க' சென்னைத் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. தஸ்தயேவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவி, முன்னாள் சிங்களப் படையாள் ஒருவருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான உறவைச் சொல்லும் படம் அது. பின்னர் சென்னையிலேயே சிறப்புக் காட்சி ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டு, நெறியாளர் பார்வையாளரின் கேள்விகளை நேரில் எதிர்கொண்டார். 2017 இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட, போரைப் பற்றிய ஜூட் ரத்னத்தின் விவரணப்படம் 'டீமன்ஸ் இன் பரடைஸ்', எதிர்ப்பு எழுந்ததால் பின்னர் யாழ்ப்பாண விழா நிரலிலிருந்து விலக்கப்பட்டது. படத்தைப் பார்க்கும் முன் அதை நிறுத்துவது எந்தக் கரையிலும் நல்ல வழக்கம் அல்ல. மறுத்தவர்களோடு பேசச் சென்னைக்குக் கிடைத்த அந்தச் சிறப்புக் காட்சி யாழ்ப்பாணத்துக்கும் கிடைத்திருக்க வேண்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தில் எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அந்தப் படம் பேசிய ஆண்டுகளை வாழ்ந்து கடந்தவர்கள். அவர்களுடைய கோபத்துக்கும் அச்சத்துக்கும் பின்னால் இழந்த உறவுகள் இருந்தன.

கலந்துரையாடல்களின் தன்மையும் இதிலிருந்தே வருகிறது. தமிழகத்தில் பேச்சு பெரும்பாலும் ஒளிப்பதிவு, திரைக்கதை, உலகச் சினிமாவின் மரபு ஆகியவற்றில் தோய்கிறது. வளமான இதழியலும் நூல்களும் அதற்குத் துணை நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் 'இது நடந்ததா, யார் பார்வையில் நடந்தது' என்ற கேள்வி முதலில் எழும். வடிவம் பற்றிய பேச்சு பின்னால் வரும், சில வேளைகளில் வராமலும் போகும். அது ஒரு குறை. ஆனால் திரையில் வரும் வீட்டையும் ஒழுங்கையையும் தன் வீடாகவும் ஒழுங்கையாகவும் அடையாளம் காணும் ஒரு சமூகம் உண்மையைப் பற்றி முதலில் கேட்பது இயல்பே.

ஈழத்துத் திரையிடல்கள் தமிழகத்திடம் பெறவேண்டியவை உண்டு. மாதந்தோறும் தவறாமல் கூடும் ஒழுங்கு, திரையிட்டதை எழுதிவைக்கும் இதழ், சிறு ஊர்களுக்கும் செல்லும் பயிற்சிப் பட்டறை ஆகியவை அவை. தமிழகம் ஈழத்திடம் பெறவேண்டியது, ஒரு படத்தை ஒரு சமூகமாக இருந்து பார்த்து, அதன் உண்மைக்குப் படைப்பாளியைப் பொறுப்பாக்கும் பழக்கம். ஒன்றின் அளவைக் கொண்டு மற்றதை இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை. பார்வையாளர் இல்லாத நிலத்தில் திரைப்பட வட்டமும் தோன்றியிராது, போர் முடிந்து ஆறே ஆண்டுகளில் சர்வதேச விழாவும் கூடியிராது.