இரண்டு முட்டைகள்

ஊசுட்டேரிப் பறவைகளைத் தாண்டிக் காட்டுயிர் பார்க்காத புதுச்சேரிக்காரன் நான். வேட்டைக்கதை என்றாலே சந்தேகம்தான். சொல்லச் சொல்லப் புலி ஒரு முழம் வளரும்!

ஜிம் கார்பெட் விதிவிலக்கு. ஆங்கிலத்தில் 1944-ல் வந்த 'குமாயுன் புலிகள்', தி.ஜ.ர. தமிழாக்கத்தில் கிடைக்கிறது, படியுங்கள். 64 பேரைக் கொன்ற சௌகர் பெண்புலியை 1930-ல் தேடிப் போகிறார். பாறையைச் சுற்றித் திரும்பினால், எட்டடி தூரத்தில் புலி! இடது கையில், வழியில் எடுத்த பக்கிக்குருவி முட்டைகள் இரண்டு. வலது கையால் மட்டும் துப்பாக்கியை மெள்ள மெள்ளத் திருப்பிச் சுடுகிறார்.

இரண்டு கையும் காலியாக இருந்திருந்தால் சட்டென்று திரும்பியிருப்பாராம்; புலியும் பாய்ந்திருக்குமாம். பெருமையை முட்டைக்குக் கொடுத்துவிடுகிறார் மனுஷர்! அப்புறம் முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார். இந்த ஒரு காரியத்துக்காகவே மற்ற அத்தனையையும் நம்பத் தோன்றுகிறது.