வைட்டாங்கி உடன்படிக்கையில் ஒரு சொல்

1840ஆம் ஆண்டு வைட்டாங்கி உடன்படிக்கையின் ஆங்கில வடிவம், நியூசிலாந்தின் மாவோரித் தலைவர்கள் 'இறையாண்மை'யைப் பிரித்தானிய அரசிக்கு அளித்ததாகக் கூறுகிறது. மதப்பரப்பாளர் ஹென்றி வில்லியம்சின் மாவோரி மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் நிற்பது 'காவனதங்கா' என்னும் சொல். ஆளுநரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் மாவோரித் திரிபான 'காவனா'வோடு பெயராக்க விகுதி சேர்ந்து பிறந்த இச்சொல், ஆளுநரின் ஆட்சிப் பணியையே சுட்டும். ஈடான சொல் மாவோரியில் இல்லை என்னும் சமாதானம் பொருந்தாது. 1835ஆம் ஆண்டு விடுதலை அறிக்கையின் மாவோரி வடிவமும் வில்லியம்சின் கைப்பட்டதே. அதில் இறையாண்மைக்குக் 'கிங்கிதங்கா', 'மனா' என்னும் சொற்களும், அரசாங்கப் பணிக்குக் 'காவனதங்கா'வும் வேறுபடுத்தி ஆளப்பெற்றுள்ளன. 'மனா'வைத் துறக்குமாறு கேட்டிருப்பின் தலைவர்கள் இசைந்திருப்பார்களா என்பது ஐயமே. மேலும், மாவோரி வடிவத்தின் இரண்டாம் பிரிவு 'ரங்கதிரதங்கா' எனும் தலைமையுரிமையை அவர்களுக்கே உறுதி செய்கிறது. ஏறத்தாழ 500 தலைவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒப்பமிட்டதும் இவ்வடிவத்தில்தான். 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்டோர் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என வைட்டாங்கி தீர்ப்பாயம் 2014இல் முடிவுரைத்தது.