உயரக் கோடும் உண்மைத் தரையும்

கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் அமைந்த இடங்களை இணைத்து வரையும் கோட்டினைச் சமஉயரக் கோடு எனத் தமிழில் வழங்குவர். சொல் செம்மையானது, பொருளைத் தெளிவுறக் காட்டுவது. ஆயினும், அச்சொல்லின் நடுவே நிற்கும் ‘உயரம்’ எதன் உயரம் என்ற வினா இன்று எழுந்துள்ளது. தரையின் உயரமா, தரைமேல் நிற்கும் மரத்தின் உயரமா? கோல சிலாங்கூர் போன்ற தாழ்நிலத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மழைநீர் எந்த லயத்தில் முதலில் ஏறும் என்பது இதற்குரிய விடையைப் பொறுத்தது.

கோடு பிறக்கும் முறையை முதலில் நோக்குதல் தகும். 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையை மாஸ்கெலின் குழுவினர் அளந்தனர். அவ்வளவுகளைக் கொண்டு மலையின் பருமனைக் கணக்கிட முனைந்த சார்ல்ஸ் ஹட்டன், ஒத்த உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, மலையின் வடிவத்தைத் தாளில் கண்டார். இன்று கணிப்பொறி செய்வதும் அதுவே. 80 மீட்டர் இடைவெளியில் இரு புள்ளிகள்; ஒன்றின் உயரம் 12 மீட்டர், மற்றதன் உயரம் 20 மீட்டர் எனக் கொள்வோம். சரிவு சீரானது என்று கருதினால், 15 மீட்டர்க் கோடு முதற்புள்ளியிலிருந்து 30 மீட்டரில் செல்லும். அளந்தவை இரண்டு புள்ளிகளே. இடைப்பட்ட கோடு கருதியறிந்தது. காட்சியளவையும் கருதலளவையும் இங்கே ஒரே மையினால் எழுதப்படுகின்றன. கோட்டின் வழவழப்பு அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

மலைநாட்டில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. உலு சிலாங்கூர்ச் சரிவுகளில் 20 மீட்டர் இடைவெளியில் வரைந்தாலும் கோடுகள் நெருங்கி நிற்கும். நிலத்தின் போக்கு விளங்கும். கடற்கரைச் சமவெளியிலோ, 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கும் புக்கிட் மெலாவத்தி போன்ற குன்றுகளைத் தவிர்த்தால், அத்தகைய படம் பெரும்பாலும் வெறுந்தாளாகவே இருக்கும். அக்குறையை நீக்க, விண்ணிலிருந்து பெற்ற எண்களைக் கொண்டு ஒரு மீட்டர்க் கோடுகள் வரையத் துணிவோர் உளர். குறை நீங்குவதில்லை; புதிய பிழை புகுகிறது.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘எண்டவர்’ விண்கலம் 11 நாள் சுற்றி வந்து, ரேடார் அலைகளால் உலகின் பெரும்பகுதியை அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒன்றாக, முழு மீட்டரில் உயரங்கள் கிடைத்தன. அரிய பணி அது. எனினும், அந்த அலை அடர்ந்த இலைகளை முற்றும் ஊடுருவித் தரையைத் தொடுவதன்று. தழைப்பரப்பிலிருந்தே பெரும்பாலும் மீள்கிறது. கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான் 1917இல் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. இன்று செம்பனை சூழ்ந்த அவ்வட்டாரத்தில் விளைவு என்ன? பாதைக்கு ஒருபுறம் முதிர்ந்த மரங்கள், மறுபுறம் மறுநடவுக் கன்றுகள் எனில், தட்டையான நிலத்தில் பல மீட்டர் உயர மேடொன்று படத்தில் தோன்றும். அம்மேட்டை நம்பி வடிகாலுக்குத் திட்டமிட்டால் நீர் வடியுமா?

தொல்காப்பியம் கற்றோர்க்கு இப்பிழை எளிதில் விளங்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பிறவும் கருப்பொருள். கருப்பொருளை முதற்பொருளாக மயங்கியதே இங்கு நேர்ந்த வழு. பொழுதை மறந்ததும் உண்டு. வட சிலாங்கூரின் சதுப்பு நிலத்தில் மட்கிய இலைதழைகளே மண்ணாய்ப் படிந்துள்ளன. நீரை வடித்தால் அம்மண் சுருங்கித் தாழும். 2000ஆம் ஆண்டின் எண் இன்றைய தரைக்குப் பொருந்தும் எனக் கொள்வது எங்ஙனம்?

இது சிறு பிழை என ஒதுக்கத்தக்கதன்று. 2019இல் குல்ப், ஸ்ட்ராஸ் என்னும் ஆய்வாளர் இருவர் இத்தகைய பிழையைக் குறைத்துக் கணக்கிட்டபோது, கடலேற்றத்தாலும் கரையோர வெள்ளத்தாலும் இடருறும் மக்கள்தொகையின் மதிப்பீடு மும்மடங்காயிற்று. மரத்தின் உயரத்தைத் தரையின் உயரமென எண்ணியதால் மறைந்திருந்தவர் அத்துணைப் பேர்.

இவ்வெண்களைத் தள்ளிவிட வேண்டும் என்பதன்று கருத்து. மலைச்சரிவுக்கு அவை பெரிதும் உதவும். தாழ்நிலத்திற்கோ, இலையிடுக்கின் வழியே தரையைத் தொட்டு மீளும் லேசர் அளவையும், கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை கண்ட சராசரிக் கடல்மட்டத்தை அடியாகக் கொண்ட மட்டக்கல் அளவையும் வேண்டும்.

சொல்லாக்கத்திலும் திருத்தம் வேண்டும். ‘நில உயர மாதிரி’ என்ற ஒரே பெயரால் இரண்டையும் குறிப்பது பொருந்தாது. மரமும் கூரையும் உட்பட அளந்ததை ‘மேற்பரப்பு மாதிரி’ என்றும், அவற்றை நீக்கி வெறுநிலத்தைக் காட்டுவதைத் ‘தரை மாதிரி’ என்றும் பிரித்து வழங்குதல் நன்று. வகுப்பில் உயரக் கோட்டுப் படத்தை விரிக்கும் ஆசிரியர், எதன் உயரம், எந்த ஆண்டின் அளவு, அளந்த புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்னும் மூன்றையும் மாணவரைக் கேட்கச் செய்வாராக. தோட்டத்துப் பிள்ளைகள் தம் வீட்டுத் தரையின் உயரத்தைச் சரியாக அறிந்திருத்தல் வேண்டும். வெள்ளம் வரும்போது நீர் அத்தரைமீதுதான் ஏறும்; செம்பனையின் உச்சியை அது பார்ப்பதில்லை.