சுவரில் முகம், அறிக்கையில் கறுப்பு மை

கிழக்கு லண்டனின் கேபிள் தெருவில், செயின்ட் ஜார்ஜ் டவுன் ஹாலின் பக்கச் சுவரில் ஒரு பிரம்மாண்டமான ஓவியம் இருக்கிறது. பரப்பு சுமார் 330 சதுர மீட்டர். 1936 அக்டோபர் 4ஆம் தேதி அந்தத் தெருவில் நடந்த மோதலை வரைந்திருக்கிறார்கள். பாசிச எதிர்ப்புக் கலை என்று பேச்சு வந்தால் இதன் புகைப்படம் வந்துவிடும். கூடவே ஒரு வரியும் வரும்: மக்கள் திரண்டு பாசிஸ்டுகளை அடித்து விரட்டினார்கள். ஓவியம் அப்படிச் சொல்லவே இல்லை என்பதுதான் என் தகராறு.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜன்னலிலிருந்து ஒரு பெண் மூத்திரச் சட்டியைக் கவிழ்க்கிறாள். குதிரைகள் மிரள்கின்றன. தடிகள் ஓங்கியிருக்கின்றன. மேலே, சுழலும் இறக்கையோடு ஒரு போலீஸ் விமானம். வெறும் உள்ளாடையோடு ஹிட்லர் பறக்கிறார், அது கேலி. சரி, ஆஸ்வால்ட் மோஸ்லியின் கருஞ்சட்டைப் படை எங்கே? (கருஞ்சட்டை என்றதும் நமக்கு ஈரோட்டு ஞாபகம் வரும். இது முசோலினியைப் பார்த்துத் தைத்த சட்டை.) தேடினால்தான் கிடைப்பார்கள். சுவர் முழுக்க மக்களும் போலீசும்தான் மல்லுக்கட்டுகிறார்கள்.

நடந்ததும் அதுதான். யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த தெருக்கள் வழியாக மோஸ்லி ஊர்வலம் போக நினைத்தார். தடை செய்யச் சொல்லிப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள். உள்துறை மறுத்துவிட்டது. அன்றைக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள், ஊர்வலத்துக்கு வழி எடுத்துக் கொடுக்கும் வேலையில் இறங்கினார்கள். யூதத் தையல்காரர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கம்யூனிஸ்ட்டுகளும் தடுப்பு போட்டு மோதியது அவர்களோடுதான். மோஸ்லியின் ஆட்கள் ராயல் மின்ட் தெருவில் வரிசையாக நின்று காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் போலீஸ் கமிஷனர் பிலிப் கேம் அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

“அனுமதி இருக்கிற ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு கொடுக்காம போலீஸ் வேற என்ன செய்யும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த நடுநிலை தெருவில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும் என்பதை இந்த ஓவியம் காட்டுகிறது. நடுவில் நிற்கிறவனுக்கு முதுகு ஒரு பக்கம், தடி ஒரு பக்கம். முதுகு யாருக்கு, தடி யாருக்கு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆனாலும் ஓவியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அது வெற்றியின் கணத்திலேயே உறைந்துவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மைல் எண்ட் சாலையில் யூதர்களின் கடைகள் அடித்து நொறுக்கப்பட்டன. ஆண்டு முடிவதற்குள் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. அரசியல் சீருடையைத் தடை செய்த அதே சட்டம், ஊர்வலங்களை நிறுத்தும் அதிகாரத்தையும் போலீசிடம் கொடுத்தது. அந்த அதிகாரம் இடது, வலது பார்த்துப் பாயவில்லை. இதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது.

சுவரே அந்தக் குறையை நிரப்பியது. டேவ் பின்னிங்டன் வரைந்துகொண்டிருந்தபோது, 1982இல், முடியாத ஓவியத்தின் மேல் பாசிச வாசகங்களைக் கிறுக்கினார்கள். மனம் உடைந்து அவர் விலகினார். பால் பட்லர், டெஸ்மண்ட் ராச்ஃபோர்ட், ரே வாக்கர் மூவரும் 1983இல் முடித்தார்கள். பிறகும் தாக்குதல்கள் நடந்தன, பிறகும் பழுது பார்த்தார்கள். பாசிஸ்ட் தோற்று ஓடிப்போகவில்லை, பெயின்ட் டப்பாவோடு திரும்பி வந்தான். எனக்கு அந்தக் கிறுக்கலில் ஒரு துண்டை அப்படியே விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

இன்னொரு லண்டன் தெருவைப் பக்கத்தில் வைத்தால்தான் இந்தச் சுவரின் மதிப்பு புரிகிறது. 1979 ஏப்ரல் 23, சவுத்தால். பஞ்சாபிகள் பெருமளவில் வாழும் பகுதி. தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு, அங்கிருந்த டவுன் ஹாலில் நேஷனல் ஃப்ரன்ட் கூட்டம் போட்டது. உள்ளூர்க்காரர்கள் எதிர்த்துத் திரண்டார்கள். கூட்டத்தைக் காக்க ஆயிரக்கணக்கில் போலீஸ். நியூசிலாந்திலிருந்து வந்து கிழக்கு லண்டனில் ஆசிரியராக இருந்த பிளேர் பீச்சுக்கு அன்று தலையில் அடி விழுந்தது, இறந்துபோனார். அவருக்கு வயது 33. போலீஸ்காரர் அடித்ததைப் பார்த்ததாகப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். ஸ்பெஷல் பேட்ரோல் குரூப் என்ற பிரிவின் லாக்கர்களைத் திறந்தபோது, துறை கொடுக்காத ஆயுதங்கள் கிடைத்தன. 1980இல் மரண விசாரணை சொன்ன தீர்ப்பு, எதிர்பாராத விபத்து.

அதே 1980இல் லிண்டன் க்வேசி ஜான்சன் ‘பேஸ் கல்ச்சர்’ தொகுப்பில் பீச்சுக்காக ஒரு பாடல் பாடினார். அந்தப் போலீஸ் பிரிவின் பெயரைச் சொல்லியே கொலைப்பழி சுமத்தியது அந்தப் பாடல். கமாண்டர் ஜான் காஸ் நடத்திய உள் விசாரணையின் அறிக்கையோ 2010இல்தான் வெளியானது. அடித்தது ஒரு போலீஸ்காரர்தான் என்று கருத இடமிருப்பதாக அதுவும் சொல்லியிருந்தது. அதாவது, அந்த முடிவு ஏறக்குறைய முப்பது வருஷம் அலமாரியில் தூங்கியிருக்கிறது. வெளியான அறிக்கையிலும் அதிகாரிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. யார் மீதும் வழக்கு இல்லை.

கலையிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். ‘நாம ஜெயிச்சோம்’ என்று தட்டிக்கொடுக்கும் கதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. கேபிள் தெருச் சுவரில் போலீஸ்காரனுக்கு உடம்பு இருக்கிறது, முகம் இருக்கிறது, ஓங்கிய கை இருக்கிறது. சவுத்தால் அறிக்கையில் அந்த இடத்தில் கறுப்பு மை இருக்கிறது. அந்தச் சுவரின் படத்தை இனிப் பகிரும்போது தலைப்பை மட்டும் மாற்றி எழுதுங்கள்: பாசிஸ்டுகளுக்கு வழி எடுத்துக் கொடுக்க வந்த போலீசை ஒரு தெரு தடுத்தது. சுவரில் இருப்பது அதுதான்.