மரபு என்று எதைச் சொல்கிறோம்? – ஒரு மறுபார்வை

"சட்டம் ஆயிரம் சொல்லும். நம்ம வழக்கம்னு ஒண்ணு இருக்கே!" பெண்பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்ததும் நம்மவர் சில வீடுகளில் எழும் பேச்சு இது. இந்த 'வழக்கம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். உரைகல்லாகத் தில்லையையே எடுத்துக்கொள்வோம்.

சிதம்பரம் பொது தீட்சிதர் குடும்பங்களில் சிறுவயதுத் திருமணங்கள் நடந்ததாக 2022-இல் வழக்குகள் பதிவாயின, சிலர் கைதானார்கள். 2023 மே மாதம், அவை பழிவாங்கும் வழக்குகள் என்றும், சிறுமியருக்கு இரு விரல் சோதனை நடந்தது என்றும் அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவி குற்றஞ்சாட்டினார். காவல்துறைத் தலைவராயிருந்த சைலேந்திர பாபு மறுத்தார். அப்புறம் பேச்சு முழுக்க 'ஆளுநரா, அரசா' என்றே ஆகிவிட்டது. சோதனை நடந்திருந்தால் அது கொடுமைதான். ஆனால் அதைக் காட்டிக் குழந்தை மணத்தை நியாயப்படுத்த முடியுமா?

ஒரு சமூகத்தையே கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. வேரைப் பார்க்க வேண்டும். தீட்சிதர்களில் மணமானவருக்கே பூசை செய்யும் உரிமையும் கோயில் நிர்வாகத்தில் பங்கும் உண்டு. எனவே, சீக்கிரம் மணம் முடித்தால் சீக்கிரம் உரிமை. பூசகர் இல்லறத்தாராக இருக்க வேண்டும் என்பது நெறி. அந்த இல்லறம் பதினைந்து வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது அவசரம். இரண்டையும் ஒன்றாக்கி 'மரபு' என்று பெயர் சூட்டுவதுதான் பிழை. மணத்துக்குச் சட்டம் சொல்லும் வயது வரும்வரை உரிமை காத்திருந்தால் நடராசருக்கு ஒரு குறையும் வராது.

மரபு மாறாதா? சம்மத வயதைப் 10-லிருந்து 12 ஆக்கிய 1891 சட்டத்துக்கும், பெண்ணின் மணவயதை 14 ஆக்கிய 1929 சாரதா சட்டத்துக்கும், "மதம் போச்சு" என்ற கூக்குரலே பதிலாக வந்தது. பூப்புக்கு முன் மணம் கட்டாயம் என்றிருந்த தமிழ்ப் பிராமணக் குடும்பங்களில் இன்று பெண்கள் படித்து, வேலைக்குப் போய், பிறகே மணக்கிறார்கள். மதம் ஒன்றும் போய்விடவில்லையே!

சட்டத்திலும் ஓட்டை உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நடத்தி வைப்பவரைத் தண்டிக்கிறது; ஆனால் நடந்த மணத்தைப் பெரும்பாலும் தானாகச் செல்லாததாக்குவதில்லை. ரத்து வேண்டுமானால், பெண் தனக்கு 20 வயது முடிவதற்குள் நீதிமன்றம் ஏற வேண்டும். பெற்றோரை எதிர்த்து எந்தப் பிள்ளை போகும்? தனிச்சட்டங்களுக்கு மேலாக இச்சட்டம் நிற்குமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றமும் 2024 அக்டோபரில் தீர்க்காமல் விட்டது.

தீவுவாழ் அன்பர்களுக்கு ஒரு சொல். "லீவுல கப்பலேறி ஊருக்குப் போய்ச் சத்தமில்லாம முடிச்சிடலாம்" என்று எண்ண வேண்டாம். இந்தத் தீவிலும் அதே சட்டம்தான், ஊரிலும் அதே சட்டம்தான். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல. கடல் கடந்து வந்து நாம் கோயில் கட்டினோம், திருவிழா எடுத்தோம். மரபை நாமும் காத்தவர்களே. காக்க வேண்டியது எது, கைவிட வேண்டியது எது என்று தெரியாதவர்களா நாம்? கழுத்தில் தாலி ஏறுமுன் கையில் படிப்பு ஏறட்டும்.