வாக்கும் வெறுப்பும்

பெருந்தீமை விளைந்தவிடத்து அதற்கு வித்து ஒன்றே எனத் துணிதல் மாந்தர்க்கு இயல்பு. ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதரின் உயிர்குடித்த நாசி ஆட்சியை நோக்குவோர், அக்கட்சிக்கு வாக்களித்த யேர்மானியரை ஈர்த்தது யூதவெறுப்பே எனக் கொள்ளுதலும் இத்தகையதே. இக்கொள்கையை மறுத்த நூல்களுள் வில்லியம் செரிடன் அலன் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூல் தலையாயது. நோர்த்தைம் என்னும் சிறு நகரொன்றில் நாசிகள் அதிகாரத்தைக் கைப்பற்றிய வரலாற்றை அது விரித்துரைக்கின்றது. நகரமாந்தர் நாசிகளைச் சார்ந்தமையால் யூதவெறுப்பிற்கு உட்பட்டனரேயன்றி, யூதவெறுப்பினால் நாசிகளைச் சார்ந்தாரல்லர் என்பது அலனின் துணிபு. சமவுடைமையாளர்மீது நடுத்தர வகுப்பார் கொண்ட அச்சம், நாட்டுப்பற்று, பொருளாதார மந்தம், கட்சியினரின் ஓயாத உழைப்பு ஆகியனவே காரணங்களென அவர் நிறுவுகின்றார்.

தேர்தல் முடிபுகள் இதற்கு அரண் செய்கின்றன. 1928இல் நாசிகள் பெற்ற வாக்கு நூற்றுக்கு 2.6 வீதம், 1930 செப்டெம்பரில் 18.3 வீதம், 1932 யூலையில் 37.3 வீதம். நான்காண்டினுள் யூதவெறுப்பு மாத்திரம் பதினான்கு மடங்கு பெருகிற்று எனல் பொருந்தாது. முன்னரே நிலவிய ஒன்று, புதிதாய் நிகழ்ந்த மாற்றத்தைத் தனித்து விளக்கவல்லதன்று. 1932இன் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தை எட்டியிருந்தது. எனினும் வேலையற்ற தொழிலாளர் பலர் பொதுவுடைமைக் கட்சியையே நாடினர். நாசிகளின் வாக்குப் பெருகியது புரட்டஸ்தாந்தர் வாழ்ந்த கிராமங்களிலும் சிறு நகரங்களிலுமே. வறுமையினும் வறுமை பற்றிய அச்சமே வலிதாயிற்று என்க.

தியடோர் ஏபல் 1934இல் கட்சியினரிடமிருந்து ஏறத்தாழ அறுநூறு தன்வரலாறுகளைத் திரட்டினார். அவற்றுள் நூற்றுக்கு அறுபது வீதமளவானவை யூதவெறுப்பைப் பற்றி யாதும் கூறவில்லை. ஆயினும் இச்சான்றினை எச்சரிக்கையுடன் கொள்ளல் வேண்டும். எழுதாமை வெறுப்பின்மை ஆகாது. யாவர்க்கும் உடன்பாடானதை ஒருவன் எடுத்துரையாது விடுதலும் உண்டு.

மறுதலையாக, வொய்க்லாண்டர், வோத் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பதினான்காம் நூற்றாண்டிற் கொள்ளைநோய்க் காலத்து யூதரைக் கொன்ற நகரங்களில் 1928ஆம் ஆண்டு நாசி வாக்கு மிகுந்திருந்தமையைக் காட்டிற்று. எனவே கட்சி சிறிதாயிருந்தபோது அதன் அடிநிலை ஆதரவில் வெறுப்பிற்குப் பங்குண்டு. பின்னர்த் திரண்ட பெருந்தொகையினரை ஈர்த்தவை பிறவாம். இவ்வேறுபாட்டை உணரின் இரு ஆய்வுகளும் தம்முள் முரணா.

அலனின் துணிபு இவ்வளவிற் சாலும். ஆனால் "எது ஈர்த்தது?" என்னும் வினாவிற்கு விடை கண்டபின், "எது தடுக்கவில்லை?" என்னும் வினா எஞ்சுகின்றது. யூதர் குடியுரிமைக்கு உரியரல்லர் என்பது 1920ஆம் ஆண்டுக் கட்சித்திட்டத்திலேயே வெளிப்படையாய்ப் பொறிக்கப்பட்டிருந்தது. வேலைக்காகவும் ஒழுங்கிற்காகவும் வாக்களித்தோர் அதனை அறியாதாரல்லர்; அதனைப் பொறுக்கத்தக்கதெனக் கருதினர். நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஒருவர்தாமும் ஆகாத சிறுபான்மையோரின் கதி அவர்க்குப் பெரிதாய்த் தோன்றவில்லை.

வாக்குச்சீட்டிலே காரணம் எழுதப்படுவதில்லை. விரும்பிய ஒன்றிற்காக இடப்பட்ட வாக்கும், விரும்பாத ஒன்றிற்கு இசைந்த வாக்காகவே எண்ணப்படும். வெறுப்பு சிலரை நடத்திற்று. பாராமுகம் பலரை அவர்பின் விடுத்தது. இவ்விரண்டனுள் ஒன்றை மாத்திரம் கூறும் வரலாறு நிறைவுடையதன்று.